‘ஸ்டால்’ என்றால் எஞ்சின் நிற்பது அல்ல: கிளம்பிய உடனே சிறு விமானங்கள் ஏன் விழுகின்றன?

1996 ஏப்ரல் 11 காலை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் செயென் என்ற ஊர். நான்கு பேர் உட்காரக்கூடிய ஒரு செஸ்னா விமானம் மழைக்கு நடுவே ஓடுதளத்திலிருந்து கிளம்பியது. உள்ளே மூன்று பேர்: ஜெசிகா டுப்ரோஃப் என்ற ஏழு வயதுச் சிறுமி, அவளுடைய அப்பா, பயிற்சி கொடுக்கும் விமானி. அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்த மிகச் சிறிய வயது விமானி என்று அந்தப் பெண் பெயரெடுக்க வேண்டும் என்பதற்காக நடந்த பயணம் அது. கலிஃபோர்னியாவில் கிளம்பி அன்றுதான் இரண்டாம் நாள். விமானம் மேலே எழும்பிய கொஞ்ச நேரத்தில் ஊருக்குள் ஒரு குடியிருப்புச் சாலையில் வந்து விழுந்தது. மூன்று பேருமே இறந்துபோனார்கள்.

சின்னக் குழந்தை கையில் விமானத்தைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று அப்போது உலகம் பேசியது. இன்றும் இந்தச் சம்பவம் பேச்சில் வந்தால் அதே வார்த்தைதான் வருகிறது. ஆனால் விபத்தை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்னது வேறு. விபத்து நேரத்தில் விமானத்தை ஓட்டியது குழந்தை அல்ல, பயிற்சியாளர். அனுபவம் உள்ளவர். எஞ்சினும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பின் ஏன் விழுந்தது? வாரியத்தின் பதிலில் மையமாக நிற்கும் சொல் ‘ஸ்டால்’.

சிறு விமானம் கிளம்பிய உடனே விழுந்ததாகச் செய்தி வரும்போதெல்லாம் இந்தச் சொல்லும் கூடவே வரும். அதைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள்தான் அதிகம். காரோட்டத் தெரிந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். ஏனென்றால் கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டி குலுங்கி அணைந்துபோனால் அதற்கும் ஆங்கிலத்தில் ஸ்டால் என்றுதான் பெயர். அதனால் விமானம் ஸ்டால் ஆனது என்று படித்ததும், எஞ்சின் நின்றது, விமானம் கல்லாக விழுந்தது என்று மனம் படம் போட்டுக்கொள்கிறது. இந்தப் படத்தில் இரண்டு பாதியும் தவறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விமானத்தைத் தாங்குவது எது?

காரோ பேருந்தோ எஞ்சின் நின்றால் ஓரமாக ஒதுங்கி நின்றுவிடும், தரை தாங்கிக்கொள்ளும். விமானத்தைத் தாங்குவது இறக்கை. எஞ்சினின் வேலை, இறக்கை மீது காற்று ஓயாமல் ஓடும்படி விமானத்தை முன்னே இழுப்பது மட்டுமே. எஞ்சின் நின்றாலும் விமானம் சரிந்து இறங்கினால் அந்த ஓட்டம் கிடைத்துவிடும். சைக்கிளை மிதிக்காமல் இறக்கத்தில் விட்டால் அது ஓடுகிறதே, அதே கதை. உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 விமானம் எஞ்சின் இல்லாமலே ஒரு பங்கு உயரம் இறங்குவதற்குள் ஏறக்குறைய ஒன்பது பங்கு தூரம் முன்னே போகும். 1000 அடி உயரத்தில் இருந்தால் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல். கல் இப்படிப் போகாது.

சரி, இறக்கை எப்படித் தாங்குகிறது? இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து, காலியான சாலையில் உள்ளங்கையைத் தட்டையாக நீட்டியிருப்பீர்கள். கை கிடையாக இருக்கும்வரை காற்று அதை நழுவிக்கொண்டு போகும். கட்டைவிரல் பக்கத்தைக் கொஞ்சம் மேலே சாய்த்தால் கை தானாக மேலே எழும். காற்றைக் கை கீழே திருப்பிவிடுகிறது, அதற்கு எதிராகக் காற்று கையை மேலே தள்ளுகிறது. இறக்கை செய்வதும் இதுதான். அதன் வளைந்த மேற்பரப்பை ஒட்டிக்கொண்டே வரும் காற்றும் சேர்ந்து கீழ்நோக்கித் திரும்புவதால் வேலை இன்னும் நன்றாக நடக்கிறது. இப்படிக் கிடைக்கும் மேல்நோக்கிய தள்ளலுக்குத் தூக்குவிசை என்று பெயர்.

மேலே போகும் காற்றும் கீழே போகும் காற்றும் இறக்கையின் பின்முனையில் ஒரே நேரத்தில் வந்து சேரவேண்டும், அதனால்தான் மேற்காற்று வேகமாக ஓடுகிறது என்று பள்ளியில் பலர் படித்திருப்போம். அப்படி எந்தக் கட்டாயமும் காற்றுக்குக் கிடையாது. அதை மறந்துவிடலாம்.

கையைச் சாய்த்தோமே, அந்தச் சாய்வுதான் இந்தக் கட்டுரையின் உயிர். இறக்கைக்கும் அதன் எதிரே வரும் காற்றுக்கும் இடையில் உள்ள கோணத்துக்குத் தாக்குகோணம் என்று பெயர். இதை விமானத்தின் மூக்கு எவ்வளவு மேலே பார்க்கிறது என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நேராகக் கொட்டும் மழைகூட சைக்கிளில் போகிறவருக்கு முகத்தில் வந்து அடிக்கும். அதுபோல, இறக்கைக்குக் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது விமானம் எந்தத் திசையில் நகர்கிறது என்பதைப் பொறுத்தது. மூக்கு கிடைமட்டமாக இருக்க, விமானம் மட்டும் கீழே அமுங்கிக்கொண்டிருந்தால் காற்று கீழிருந்து வரும். பார்க்கச் சாதாரணமாகத் தெரிந்தாலும் தாக்குகோணம் அப்போது பெரிதாக இருக்கும்.

காற்று இறக்கையை விட்டுப் பிரியும் இடம்

கையை இன்னும் இன்னும் சாய்த்தால் என்ன ஆகும்? ஒரு கட்டம்வரை தூக்கும். அதன்பின் தூக்குவது குறைந்து கை பின்னால் அடித்துக்கொண்டு போகும். இறக்கைக்கும் அப்படி ஓர் எல்லை இருக்கிறது. சிறு விமானங்களில் பொதுவாக 15, 16 பாகை அளவில்.

மலைப்பாதையில் பேருந்து போவதை நினைத்துக்கொள்ளுங்கள். வளைவு மெதுவானதாக இருந்தால் சாலையோடு சேர்ந்து திரும்பிவிடும். கொண்டை ஊசி வளைவை அதே வேகத்தில் திருப்பினால் சாலையை விட்டு வெளியேறிவிடும். இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்றும் இதே நிலையில்தான் இருக்கிறது. தாக்குகோணம் சிறியதாக இருக்கும்வரை வளைவோடு ஒட்டி வரும். எல்லை தாண்டியதும் பரப்பை விட்டுப் பிரிந்து, சுழித்துக் கலைந்துபோகும். தூக்குவிசை பாதாளத்துக்குப் போகும், இழுவை கூடும். இதற்குத்தான் ஸ்டால் என்று பெயர்.

எஞ்சினுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதற்கு எஞ்சின் விமானமே இல்லாத காலத்திலிருந்து ஒரு சாட்சி உண்டு. ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால், ரைட் சகோதரர்களுக்கு முன்பே மலைச்சரிவிலிருந்து இறக்கை கட்டிக்கொண்டு மீண்டும் மீண்டும் பறந்து காட்டியவர். 1896 ஆகஸ்டில் ஒருநாள் காற்று அவருடைய சறுக்கு விமானத்தின் முன்பக்கத்தைத் தூக்கிவிட்டது. ஸ்டால் ஆகி ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். மறுநாள் பெர்லினில் உயிர் பிரிந்தது. அந்த விமானத்தில் நின்றுபோவதற்கு எஞ்சினே கிடையாது.

இதில் வேகம் எங்கே வருகிறது? விமானத்தின் எடை மாறவில்லை, அதைத் தாங்கியே ஆகவேண்டும். வேகம் குறைந்தால் காற்றின் தள்ளல் குறையும், அதை ஈடுகட்ட விமானி மூக்கைக் கொஞ்சம் தூக்கித் தாக்குகோணத்தைக் கூட்டுவார். இன்னும் குறைந்தால் இன்னும் கூட்டுவார். ஒரு வேகத்தில் கோணம் எல்லையைத் தொட்டுவிடும். நேராகப் பறக்கையில் அந்த எல்லை வரும் வேகமே ஸ்டால் வேகம். முழு எடையோடு உள்ள செஸ்னா 172க்கு அது மணிக்கு சுமார் 90 கிலோமீட்டர்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: விமானத்தைத் தாங்குவது இறக்கை மீது ஒட்டி ஓடும் காற்று. தாக்குகோணம் எல்லை மீறினால் காற்று பிரிந்துபோகும். வேகம் குறையக் குறைய அந்த எல்லை நெருங்கும். வெளியே வர ஒரே வழிதான், மூக்கைத் தாழ்த்திக் கோணத்தைக் குறைப்பது. அப்புறம் காற்று தானே வந்து ஒட்டிக்கொள்ளும்.

கிளம்பும் நேரம்தான் ஏன்?

மூக்கைத் தாழ்த்தினால் விமானம் கொஞ்சம் கீழே இறங்கும். நன்றாகப் பழகியவர்கள் நூறு, இருநூறு அடிக்குள் மீட்டுவிடுவார்கள். ஐயாயிரம் அடியில் பறக்கும்போது இது ஒன்றுமே இல்லை. மாணவர்கள் வேண்டுமென்றே ஸ்டால் செய்து மீட்கப் பழகுகிறார்கள்.

விமானிக்கு இரண்டு விதமான சேமிப்பு உண்டு: உயரம், வேகம். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கலாம். கீழே சரிந்தால் வேகம் கிடைக்கும், வேகத்தைச் செலவழித்தால் உயரம் கிடைக்கும். ஓடுதளத்தை விட்டு எழும்பிய முதல் நிமிடத்தில் இரண்டுமே கையில் இல்லை. வேகம் ஸ்டால் வேகத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது. உயரம் சில நூறு அடி. மூக்கு ஏற்கெனவே மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது.

அதைவிடக் கொடுமை, அந்த நேரத்தில் மனித உடம்பு சொல்வது நேர் எதிர். கண் முன்னே மரமும் வீடும் பெரிதாகிக்கொண்டே வரும்போது மூக்கைக் கீழே தள்ளு என்று எந்த உள்ளுணர்வும் சொல்லாது. கை தானாகக் கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னால் இழுக்கும். இழுத்தால் மூக்கு மேலே எழும், கோணம் கூடும். இறந்தவர்களை ‘ஓட்டத் தெரியாதவர்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு நொடியில் பயத்தை மீறிக் கையை முன்னே தள்ளுவது எவ்வளவு கடினம் என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

செயென் நகரில் என்னென்ன சேர்ந்தது

ஒரு பெரிய தவறு விமானத்தைக் கீழே தள்ளியது என்று நினைக்கிறோம். செயெனில் நடந்தது அப்படியில்லை. ஸ்டாலுக்கும் விமானத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியைச் சின்னச் சின்ன விஷயங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தின்றுவிட்டன.

முதலில் எடை. அனுமதித்த அளவைவிட ஏறத்தாழ 40 கிலோ கூடுதல். ஒன்றரை அரிசி மூட்டை. அந்த விமானத்தின் அளவுக்கு இது ஸ்டால் வேகத்தை இரண்டு சதவீதம் அளவுக்குத்தான் ஏற்றும். தனியாக இது யாரையும் கொன்றிருக்காது. ‘கொஞ்சம்தானே’ என்று ஏற்றிவிடுவதும் இதனால்தான்.

அடுத்தது காற்று. செயென் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 6156 அடி உயரத்தில் இருக்கிறது, ஏறக்குறைய நம் குன்னூர் உயரம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்று மூன்று இடத்தில் அடிக்கும்: இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், காற்றாடி போன்ற முன்விசிறிக்குப் பிடி குறையும், எஞ்சினுக்கு மூச்சு குறையும். விமானம் உண்மையில் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைவிட, அங்குள்ள காற்று எந்த உயரத்துக் காற்றைப் போல நடந்துகொள்கிறது என்பதே விமானிக்கு முக்கியம். அதற்கு அடர்த்தி உயரம் என்று பெயர். வெயில் கூடினால் அடர்த்தி உயரமும் கூடும். அன்று காலை செயெனில் அது 6670 அடி. அந்தப் பயிற்சியாளர் வழக்கமாகப் பறந்தது கலிஃபோர்னியக் கடற்கரை ஊரில். கை பழகிய ஏற்றம் ஒன்று, அன்று விமானம் காட்டிய ஏற்றம் வேறு.

பிறகு வானிலை. இடி மின்னலோடு ஒரு புயல்மழை நெருங்கிக்கொண்டிருந்தது. காற்று விட்டுவிட்டு வீசியது. திடீரென்று வீசும் எதிர்க்காற்று திடீரென்று நின்றால் இறக்கை மீது ஓடும் காற்றின் வேகமும் அதே நொடியில் குறைந்துவிடும். விமானத்துக்குத் தெரிந்தது இந்தக் காற்றுவேகம் மட்டும்தான். தரை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது அதற்குப் பொருட்டே அல்ல. விமானம் வலப்பக்கம் திரும்பியபோது காற்று முதுகுப் பக்கமாக வரத் தொடங்கியது. அப்போது கீழே தரை விர்ரென்று ஓடும். ஆற்றோடு நீந்துகிறவனுக்குக் கரை வேகமாக நகர்வதுபோல. கண்ணை மட்டும் நம்பினால் வேகம் தாராளமாக இருக்கிறது என்றே தோன்றும். விமானி ஏமாந்ததில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம் என்று வாரியம் கருதியது.

அந்தத் திருப்பமே அடுத்த செலவு. திரும்புவதற்கு விமானம் சாயவேண்டும், சாய்ந்தபடி எடையையும் தாங்கவேண்டும், திசையையும் மாற்றவேண்டும். குடைராட்டினத்தில் உடம்பு கனப்பதுபோல விமானமும் கனக்கும். 45 பாகை சாய்ந்தால் ஸ்டால் வேகம் 19 சதவீதம் ஏறும். 60 பாகையில் விமானத்தின் கனம் இரட்டிப்பாகும், ஸ்டால் வேகம் 41 சதவீதம் ஏறும். மணிக்கு 90 கிலோமீட்டர் என்று நான் மேலே சொன்ன ஸ்டால் வேகம் அப்போது 127 ஆகிவிடும். வேகமானியில் முள் நகரவே இல்லை, எல்லை மட்டும் மேலே ஏறி வந்து பிடித்துக்கொள்கிறது.

இத்தனைக்கும் அடியில், இயற்பியலில் சேராத இன்னொன்றும் இருந்தது. பயணத்திட்டம் இறுக்கமானது, தொலைக்காட்சிகளும் பத்திரிகைகளும் காத்துக்கொண்டிருந்தன. இது கிளம்பும் முடிவில் பங்காற்றியது என்று வாரியம் எழுத்திலேயே பதிவு செய்தது. அரை மணியோ ஒரு மணியோ மழை போகட்டும் என்று உட்கார்ந்திருந்தால் போதும். எனக்கு இந்த அறிக்கையில் மனதை விட்டு அகலாத இடம் இதுதான்.

மூட்டை எங்கே இருக்கிறது?

எடை எவ்வளவு என்பது ஒரு கேள்வி என்றால், எங்கே என்பது இன்னொன்று. சைக்கிள் கேரியரில் பெரிய மூட்டையைக் கட்டினால் முன்சக்கரம் தரையைவிட்டு எழும் அல்லவா? விமானத்தின் வாலருகே எடை சேர்ந்தால் மூக்கு தானாக மேலே போகப் பார்க்கும். அதைத் தாழ்த்த விமானி முழுப் பலத்தோடு தள்ளினாலும் போதாமல் போகலாம். எடை முழுவதும் ஒரே புள்ளியில் இருப்பதாகக் கொண்டால் அந்தப் புள்ளியே எடைமையம். ஒவ்வொரு விமானத்துக்கும் அது எதுவரை பின்னால் போகலாம் என்று வரம்பு உண்டு.

2001 ஆகஸ்ட் 25 அன்று பஹாமாஸ் தீவுகளில் மார்ஷ் ஹார்பர் என்ற இடத்திலிருந்து கிளம்பிய செஸ்னா 402 இரட்டை எஞ்சின் விமானம் ஓடுதளத்தைத் தாண்டியதுமே விழுந்தது. பாடகி ஆலியா உட்பட அதிலிருந்த ஒன்பது பேரும் இறந்தார்கள். ஆளும் பெட்டிகளுமாக எடை அனுமதியைவிடச் சில நூறு கிலோ கூடுதலாக இருந்தது, எடைமையமும் பின்பக்க வரம்பைத் தாண்டியிருந்தது. இரண்டு எஞ்சின் இருந்தும் பயனில்லை.

எஞ்சின் உண்மையாகவே நின்றுவிட்டால்?

அப்படியும் நடக்கும். ஓடுதளம் முதுகுக்குப் பின்னால், முன்னே வயலோ சாலையோ. 500 அடியில் எஞ்சின் நின்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது ‘திரும்பி ஓடுதளத்துக்கே போய்விடலாம்’ என்பதுதான். பலர் அப்படித் திரும்பும்போதுதான் இறந்திருக்கிறார்கள்.

கணக்கு எளிது. 500 அடியிலிருந்து நேராகச் சறுக்கினால் சுமார் 1300 மீட்டர் போகலாம். பின்னால் திரும்ப 180 பாகை போதும் என்று தோன்றும், போதாது. அரைவட்டம் அடித்து முடிக்கும்போது விமானம் ஓடுதளத்துக்குப் பக்கவாட்டில் தள்ளி நிற்கும். இன்னும் திரும்பி, பிறகு எதிர்ப்பக்கம் திரும்பி நேராக்க வேண்டும். என்ன நடந்தது என்று உணரவே சில நொடிகள் போய்விடும். திரும்பும்போது உயரம் வேகமாகக் கரையும். சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று சாய்வைக் கூட்டினால் ஸ்டால் வேகம் ஏறும். தரை நெருங்குகிறதே என்று மூக்கை இழுத்தால் கோணம் கூடும்.

இப்படிச் சாய்ந்த நிலையில் ஸ்டால் வரும்போது பெரும்பாலும் ஓர் இறக்கை முந்திக்கொள்ளும். அது பொத்தென்று கீழே போக, விமானம் அந்தப் பக்கமாகப் புரண்டு சுழன்றபடி இறங்கும். இதைச் சுழல்வீழ்ச்சி என்று சொல்லலாம். இதிலிருந்து மீளவும் வழி இருக்கிறது, ஆனால் அதற்கு ஆயிரம் அடி அளவில் உயரம் வேண்டும். சாட்சிகள் ‘திடீரென்று தலைகுப்புற விழுந்தது’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

நேரே போய் ஒரு வயலில் இறங்கினால்? விமானம் நொறுங்கலாம். ஆனால் கட்டுப்பாட்டோடு, கிடையாக, சில பத்து மீட்டர் தேய்ந்து நின்றால் உள்ளே இருப்பவர்கள் எழுந்து வர நல்ல வாய்ப்பு உண்டு. மூக்கு குத்தி விழும்போது அதே வேகம் இரண்டு மூன்று மீட்டரில் தீர்ந்துவிடுகிறது. உடம்பு அதைத் தாங்காது.

சுருக்கமாக: எஞ்சின் நிற்பது ஒரு விபத்துக்குத் தொடக்கமாக இருக்கலாம். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அதன்பின் வரும் ஸ்டால்தான். எஞ்சின் நிற்காமலும் ஸ்டால் வரும். இரண்டையும் ஒன்றென்று நினைத்தால் எந்தச் செய்தியும் புரியாது.

காதுக்கு வரும் எச்சரிக்கை

செஸ்னா 172இன் இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. தாக்குகோணம் எல்லையை நெருங்கும்போது அங்கே காற்றழுத்தம் குறைந்து, உள்ளே உள்ள ஒரு நாக்கு வழியாகக் காற்றை உறிஞ்சி ஊதல்போல அலற வைக்கும். மின்சாரம்கூட வேண்டாம். கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றிப் பார்க்கும் மாணவர்கள் துளைமேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சி, சத்தம் வருகிறதா என்று சோதிப்பதுண்டு.

செயென் விபத்துக்குப் பிறகு அதே 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. உரிமம் இல்லாதவர்கள் சாதனைக்காகவோ போட்டிக்காகவோ விமானத்தை ஓட்டுவதை அது தடுத்தது. நல்ல சட்டம்தான். குழந்தைகளைப் பெயருக்காகப் பந்தயம் கட்டக் கூடாது. ஆனால் ‘குழந்தை ஓட்டியதால் விழுந்தது’ என்ற தவறான நம்பிக்கை அதனால் இன்னும் உறுதிப்பட்டது என்பதும் என் வருத்தம். மழையும், மெல்லிய காற்றும், அந்த ஒன்றரை மூட்டை எடையும், திருப்பமும் பேச்சிலிருந்தே காணாமல் போய்விட்டன. அன்று அந்த இருக்கையில் இருந்தது உரிமம் பெற்ற, வயதுவந்த ஒரு விமானி. அதே தவறு நாளை இன்னொருவருக்கும் வரலாம்.

அதனால்தான் பயிற்சிப் பள்ளிகளில் மாணவர்களை மூவாயிரம், நான்காயிரம் அடிக்கு அழைத்துப்போய், வேகத்தைக் குறைத்து, ஊதல் அலறும்வரை மூக்கைத் தூக்கச் சொல்கிறார்கள். விமானம் நடுங்கும். பிறகு கையை முன்னே தள்ளவேண்டும். கை தானாகத் தள்ளும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள். ஓடுதளத்தின் முனையில் நிற்கும்போதும், எஞ்சினை முழுவிசைக்குக் கொண்டுபோகும் முன், கவனமான விமானிகள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள்: இந்த உயரத்துக்குக் கீழே எஞ்சின் நின்றால் மூக்கைத் தாழ்த்துவேன், நேரே இறங்குவேன், திரும்ப மாட்டேன். பக்கத்து இருக்கையில் யாருமே இல்லாவிட்டாலும் சொல்வார்கள்.